மாட்டுக்கு முன்னே சோறு: ரங்பூரில் பரம ஏழைகளுக்கான பிராக் திட்டம் நடந்த விதம்

2000-களின் தொடக்கத்தில், ஆவணியில் ஆமன் என்ற மழைக்கால நெல்லின் நடவு முடிந்துவிட்டால், வங்கதேசத்தின் ரங்பூர் சீமையில் கூலிக் குடும்பத்துக்கு அடுத்த வேலை கார்த்திகையில் தொடங்கும் அறுப்புதான். நடுவில் வரும் ஆசுவின், கார்த்திக் என்ற வங்காள மாதங்கள் நம் புரட்டாசி, ஐப்பசி. பயிர் வயலில் நிற்கும். கூலிக்கு ஆள் தேவைப்படாது. வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும். கடையில் விலை ஏறியிருக்கும். டீஸ்டாவும் பிரம்மபுத்திராவும் கரை மீறிய ஆண்டானால் குடிசையும் சாய்ந்திருக்கும். இந்தப் பட்டினிப் பருவத்துக்கு அங்கே 'மொங்கா' என்று பெயர். கார்த்திக் மாதத்தை 'மரா கார்த்திக்', அதாவது செத்த கார்த்திக் என்றே சொல்வார்கள்.

மொங்கா வந்தால் குடும்பம் என்ன செய்கிறது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பெரியவர்கள் ஒரு வேளையை விடுவார்கள். அடுத்து, குளத்தோரத்துச் சேம்புத் தண்டும் இலையும் அடுப்புக்கு வரும். பிறகு கோழி விற்கும், ஆடு விற்கும். கடைசியாக, வரப்போகும் அறுப்புக்கான கூலியை இப்போதே குறைந்த விலைக்குப் பேசி முன்பணமாக வாங்கிச் சாப்பிடுவார்கள். அறுப்பு வரும்போது உழைப்பு இருக்கும், கூலி இருக்காது. அடுத்த ஆண்டு ஆடும் இருக்காது.

இந்தச் சுழலுக்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு மாட்டைக் கொண்டுபோய்க் கட்டினால் போதுமா என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. போதாது. மாடு பால் கொடுக்கும் நாளுக்கும் அடுப்பு எரிய வேண்டிய நாளுக்கும் நடுவே பல மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் சோற்றுக்கு வழி செய்யாத திட்டத்தின் மாட்டைப் பசிதான் விற்கும். பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் 2002-ல் தொடங்கிய திட்டம் இதைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டது. அதன் பலம் எல்லாமே இந்தப் புரிதலில் இருக்கிறது. பலவீனங்கள் வேறு இடத்தில்.

முன்கதை

ஃபசல் ஹசன் அபெத் 1972-ல் தொடங்கிய பிராக், 1980-களிலேயே சிறுகடன் குழுக்களைப் பெரிய அளவில் நடத்தியது. ஆனால் ஊரின் கடைசி வீட்டுப் பெண்கள் அந்தக் குழுக்களில் இல்லை. வாராவாரம் தவணை கட்ட முடியாது என்று அவர்களே ஒதுங்கினார்கள். அவள் கட்டாவிட்டால் நம் தலையில் விழும் என்று குழுவில் இருந்தவர்களும் சேர்க்கத் தயங்கினார்கள். 1985-ல் உலக உணவுத் திட்டத்தோடு சேர்ந்து ஒரு முயற்சி நடந்தது. அரசு மாதம் 31.25 கிலோ கோதுமை தரும். அது கிடைக்கும் காலத்துக்குள் பெண்களுக்குக் கோழி வளர்ப்புப் பயிற்சியும் சேமிப்புப் பழக்கமும் கொடுத்து, கோதுமை நிற்கும்போது சிறுகடனில் சேர்ப்பது. நல்ல யோசனை. பலர் மேலே வந்தார்கள். ஆனாலும் மிக அடியில் இருந்தவர்கள் கோதுமை நின்றதும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். கடன் வாங்கித் தொழில் செய்வதற்குக் கொஞ்சமாவது கையிருப்பும் தெம்பும் வேண்டும். அவர்களிடம் இரண்டும் இல்லை.

அதனால் 2002-ல் வந்த திட்டத்தில் கடன் முதல் படி அல்ல. மாட்டையே இனாமாகக் கொடுத்து, 24 மாதம் கூடவே நடப்பது என்று முடிவானது. ரங்பூர், குரிகிராம், நீல்பாமாரி மாவட்டங்களில் தொடங்கியது, பின்னர் நாடெங்கும் பரவி 20 லட்சம் குடும்பங்களைத் தாண்டியது.

யாரைச் சேர்ப்பது

ஊர் நடுவில் யாராவது ஒருவர் முற்றத்தில் கூட்டம் கூடும். குச்சியால் தரையில் ஊர்ப்படம் கீறுவார்கள். பாதை, குளம், மசூதி, பிறகு ஒவ்வொரு வீடும். வீட்டுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் அட்டை. அட்டைகளை ஊராரே வசதிப்படி அடுக்குவார்கள். 'இந்த வீடு மேலா, அந்த வீடு மேலா' என்று இரண்டிரண்டாக வைத்துக் கேட்டால் சண்டை வராது. 'யார் ஏழை' என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் ஏழைதான். ஒரு கூட்டம் 100 முதல் 150 வீடுவரை தாங்கும். அதற்கு மேல் போனால் தூரத்து வீட்டைப் பற்றி அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஊரை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

கடைசி அடுக்கில் விழுந்த வீடுகளுக்கெல்லாம் களப்பணியாளர் நேரில் போவார். ஐந்து அடையாளங்களில் குறைந்தது இரண்டாவது பொருந்த வேண்டும். 10 டெசிமலுக்குக் குறைந்த நிலம் (ஒரு டெசிமல் என்பது நம் ஒரு சென்ட்). வீட்டுவேலையோ பிச்சையோ எடுக்கும் பெண்ணின் வருமானத்தில் ஓடும் குடும்பம். உழைக்கும் வயது ஆண் இல்லாமை. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை கூலிக்குப் போவது. வருமானம் தரும் உடைமை எதுவும் இல்லாமை. கூடவே மூன்று விலக்குகளும் உண்டு. சிறுகடன் வாங்கியிருக்கக் கூடாது, அரசின் வேறு வளர்ச்சித் திட்டத்தில் இருக்கக் கூடாது, வீட்டில் உழைக்கத் தெம்புள்ள ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பிறகு மேலதிகாரி ஒருவர் அதே வீடுகளை மறுபடி பார்த்துத்தான் பட்டியல் முடியும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் நமக்கும் பழக்கமானவை. முதலாவது, படத்திலேயே ஏறாத வீடு. வெள்ளக் கரைமேல் குடிசை போட்டவர், அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒதுங்கிய கைம்பெண், போன மாதம் ஆறு அரித்து இந்த ஊருக்கு வந்தவர். 'வீடு' என்று எண்ணும்போது இவர்கள் நழுவிவிடுவார்கள். 'அடுப்பு' என்று எண்ணினால் அகப்படுவார்கள். ஒரு கூரைக்குக் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு அட்டை எழுத வேண்டும். இரண்டாவது, சிறுகடன் விலக்கு. கடன் வாங்கி, கட்ட முடியாமல், வட்டியோடு மூழ்கியிருப்பவர்தான் பல ஊர்களில் மிக ஏழை. அவரைக் 'கடன் பெற்றவர்' என்று வெளியே நிறுத்துவது தவறு என்பதே எங்கள் கருத்து. கடன் இருக்கிறதா என்பதை விட, கடைசித் தவணை எப்போது கட்டினார், எதை விற்றுக் கட்டினார் என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

என்ன கொடுத்தார்கள்

பெண்ணின் பெயரில் ஓர் உடைமை. ஒரு மாடு, அல்லது ஒரு மாடும் சில ஆடுகளும், அல்லது ஆடும் கோழியும், அல்லது காய்கறித் தோட்டம், சிறு கடை என்று பல தொகுப்புகள் இருந்தன. அவளே தேர்ந்தெடுக்கலாம். 91 சதவீதம் பேர் மாடு இருந்த தொகுப்பைத்தான் கேட்டார்கள். காரணம் தெளிவு: அதே ஊரில் வசதியான வீட்டுப் பெண்கள் செய்யும் தொழில் அதுதான். மற்றவர் மாட்டை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, கன்றில் பாதி உரிமை பெறும் வழக்கம் அங்கே உண்டு. ஆக, தொழிலும் பலருக்குத் தெரியும். சொந்த மாடுதான் இல்லை.

உடைமையோடு வகுப்புப் பயிற்சி, 24 மாதம் களப்பணியாளரின் வார வருகை, முதல் 40 வாரத்துக்கு உணவுச் செலவுக்கான உதவிப்பணம், கட்டாயச் சிறுசேமிப்பு, கழிப்பறைக்கான வளையமும் பலகையும், பிராக்கின் கிராம சுகாதாரச் சேவிகை வழியாக மருத்துவம். ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்து ஒரு கிராம வறுமை ஒழிப்புக் குழுவும் அமைத்தார்கள். மாடு திருடு போனால் தேட, அடுத்தவர் வேலியில் வாய் வைத்துவிட்டால் சமாதானம் பேச, கொட்டில் போட நாலு முழ இடம் வாங்கித் தர இந்தக் குழு வேண்டும். பரம ஏழைப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு பொருள் வந்ததும் அதைப் பிடுங்க முதலில் நீள்வது பக்கத்துக் கைகள்தான். குழுவில் இருக்கும் பெரியவர் 'அது குழு கொடுத்த மாடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கைகள் நிற்கும்.

2007-ல் தொடங்கிய கட்டத்தை அளந்த ஆய்வின்படி, வாங்கும் திறன் கணக்கில் (அந்நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்த டாலரில்) ஒரு குடும்பத்துக்கு மொத்தச் செலவு 1,121 டாலர். அதில் உடைமையின் விலை 560 டாலர். அதாவது பாதிப் பணம்தான் மாடு. மறுபாதி சோறு, வருகை, பயிற்சி, மேற்பார்வை. செலவைக் குறைக்க நினைக்கும் எவரும் முதலில் கை வைப்பது இந்த மறுபாதியில்தான்.

நாற்பது வாரம்

40 வாரம் என்பது 280 நாள். பசுவின் சினைக்காலமும் ஏறத்தாழ 280 நாள். கிடேரி ஒன்று வந்த முதல் மாதத்திலேயே சினை பிடித்தால், கன்று ஈன்று பால் இறங்கும் நாளும் உதவிப்பணம் நிற்கும் நாளும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் பின்னால் போகும். இரண்டு தவறினால் ஒன்றரை மாதம். அந்த ஒன்றரை மாதம் மொங்காவில் விழுந்தால் மாடு சந்தைக்குப் போய்விடும்.

எனவே மாட்டை எந்த மாதம் கொடுப்பது என்பது அலுவலக நிதியாண்டு தீர்மானிக்க வேண்டிய விஷயமே அல்ல. ஆமன் அறுப்பு முடிந்த தை மாதம் நல்லது. வைக்கோல் மலிவு, தரை காய்ந்திருக்கும், வீட்டில் கொஞ்சம் அரிசி இருக்கும். தை முதல் நாள் கொடுத்தால் 40 வாரம் ஐப்பசித் தொடக்கத்தில் முடியும். மொங்காவின் பெரும்பகுதி உதவிப்பணத்துக்குள் அடங்கிவிடும். ஆனியில் கொடுத்தால் மழை, சேறு, வெள்ளம், தீவனப் பஞ்சம் எல்லாம் புது மாட்டின் முதல் மூன்று மாதத்தில் வந்து விழும்.

வாங்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஒரே வாரத்தில் ஒரே சந்தையில் நூறு மாடு வாங்கப் போனால் தரகர்களுக்கு முதல் நாளே செய்தி போய்விடும்; விலை ஏறும், கழிவு மாடு தலையில் கட்டப்படும். வெவ்வேறு சந்தைகளில் சிறு சிறு தொகுப்பாக வாங்க வேண்டும். பக்ரீத் குர்பானிக்கு முந்தைய வாரங்களில் வாங்கவே கூடாது. மாட்டை வளர்க்கப் போகும் பெண் சந்தைக்கு வந்தாக வேண்டும். பல் பார்த்து வயது தெரிந்துகொள்வது, நாலு காம்பிலும் பீய்ச்சிப் பார்ப்பது, நடக்கவிட்டுக் குளம்பு பார்ப்பது எல்லாம் அவள் கண் முன்னே நடக்க வேண்டும். அலுவலகம் வாங்கி வண்டியில் இறக்கிய மாடு செத்தால் அது 'ஆபீஸ் மாடு'. அவளே பார்த்துக் கயிறு பிடித்து வந்த மாடு அவள் மாடு.

கொட்டிலில்

ரங்பூரின் நாட்டு மாடு சிறியது. 180, 200 கிலோ எடை. நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் பால். இப்படிப்பட்ட மாட்டுக்கு உலர்தீவனக் கணக்கில் 5 முதல் 6 கிலோ வேண்டும். நடைமுறையில், 3 கிலோ வைக்கோல், 10 முதல் 12 கிலோ பச்சைப்புல், 1 கிலோ அரிசித் தவிடு, கால் கிலோ கடுகுப் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி உப்பு, 30 லிட்டர் தண்ணீர். இதில் காசு கேட்பது தவிடும் புண்ணாக்கும்தான். வெறும் வைக்கோலில் நிறுத்தினால் மாடு சாகாது, பருவத்துக்கும் வராது. உதவிப்பணத்தில் ஒரு சிறு பங்கு முதல் மாதங்களில் தவிட்டுக்குப் போவதைப் பணியாளர் தடுக்கக் கூடாது, ஊக்குவிக்க வேண்டும்.

பச்சைப்புல் இல்லாத மாதங்களுக்கு அங்கே நன்கு தெரிந்த வழி யூரியா வைக்கோல். 10 கிலோ வைக்கோலைப் பாலித்தீன் விரிப்பில் பரப்பிக்கொள்ள வேண்டும். 300 கிராம் யூரியாவையும் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் கரும்புக் கழிவுப்பாகையும் 5 முதல் 6 லிட்டர் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் புரட்ட வேண்டும். அன்றே கொடுக்கலாம், இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. முதல் நாள் அரைக் கிலோ கொடுத்து, ஒரு வாரத்தில் அளவை ஏற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குத் தரவே கூடாது. உயிர்ச்சேதம் வருவது கரைசலில்தான். கரையாத யூரியா கட்டியாக ஒரு பக்கம் தங்கி அதை மாடு தின்றுவிட்டால் வயிறு உப்பும், நுரை தள்ளும், உடம்பு நடுங்கும், சில மணி நேரத்தில் உயிர் போகும். உடனே குளிர்ந்த தண்ணீரில் வினிகர் கலந்து புகட்டுவது முதலுதவி. எடைக்கருவி இல்லாத வீட்டில் '300 கிராம்' என்று வாயால் சொன்னால் போதாது. ஒரு தகர டப்பாவில் அளந்து கோடு கீறிக் கொடுத்துவிட வேண்டும்.

சினைப் பருவம் 18 மணி நேரம்தான் நிற்கும். கலப்பின மாடு கத்தி ஊரைக் கூட்டும். நாட்டு மாடு பல நேரம் சத்தமே போடாது. வால் அடியில் கண்ணாடி போன்ற வழவழப்பு ஒழுக்கு, தீவனத்தில் நாட்டமின்மை, கட்டுத்தறியில் நிலைகொள்ளாமை. காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி. சின்ன உடம்பு கிடேரிக்குப் பெரிய இன விந்து போட்டால் ஈற்றின்போது கன்று சிக்கித் தாயும் சேயும் போகும். இதை முதல் ஈற்றில் செய்யவே கூடாது.

ஆட்டுக்குப் பரண். தரையிலிருந்து மூன்று அடி உயரம், மூங்கில் பட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி, ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி. கறுப்பு வங்க ஆடு இரட்டைக் குட்டி போடும், ஐந்து மாதச் சினை, சுமார் ஒன்றேகால் ஆண்டில் இரண்டு ஈற்று. ஈரத் தரையில் கட்டினால் அந்தக் குட்டிகளெல்லாம் சளி பிடித்துச் சாகும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி நாலாம் மாதம் கட்டாயம் போட வேண்டும். ஊருக்குள் நோய் வந்த பிறகு போட ஓடுவதில் பயன் இல்லை.

கோழியில்தான் திட்டங்கள் அடிக்கடி ஏமாறுகின்றன. வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துக் குப்பி 100 கோழிக்கானது; அவளிடம் இருப்பதோ பத்துக் கோழி. கலக்கிய மருந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். ஆகவே ஒருத்திக்காக யாரும் குப்பியை உடைப்பதில்லை. கோழிகளுக்கு ஊசியே விழுவதில்லை. ஊர் முழுக்கவும் ஒரே நாள் அறிவித்து, விடியற்காலையில் கூட்டைத் திறக்கும் முன் வீடு வீடாகப் போய், பனிக்கட்டிப் புட்டியில் மருந்து எடுத்துச் சென்று போட்டால்தான் நடக்கும். குஞ்சுக்கு முதல் வாரம் கண்ணில் ஒரு சொட்டு, 21-ஆம் நாள் மறுபடி, இரண்டு மாதத்தில் ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

வார வருகையில் என்ன நடக்கிறது

பெண்கள் களப்பணியாளரை 'ஆப்பா' என்பார்கள், அக்கா. வருகை அரைமணி நேரத்துக்குள் முடியும். நல்ல பணியாளர் முதலில் பதிவேட்டைத் திறக்க மாட்டார். கொட்டிலுக்குப் போய்ச் சாணத்தைப் பார்ப்பார். தண்ணீராக இருக்கிறதா, உருண்டையாக இருக்கிறதா? மூக்கு ஈரமா, விலா எலும்பு எத்தனை தெரிகிறது? பிறகு அடுப்படி. சாம்பல் சூடாக இருக்கிறதா, நேற்று என்ன சமைத்தார்கள்? அதன் பிறகுதான் சேமிப்புப் புத்தகம். கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்கு ஒரு வாரம் ஓர் எழுத்து. கூடவே குழந்தைத் திருமணம், கழிப்பறை, தடுப்பூசி என்று ஏதாவது ஒரு பேச்சு.

இந்த வருகையை மாதம் ஒன்றாக்கினால் என்ன ஆகும்? கழிச்சல் கண்ட மாடு நாலு வாரம் காத்திருக்காது. மாமியார் மருத்துவச் செலவுக்கு மாட்டை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தால் அது மூன்று நாளில் முடிவாகிவிடும். விற்பனைப் பேச்சு காதில் விழும் அளவுக்கு அடிக்கடி வருவதுதான் வார வருகையின் உண்மையான வேலை. ஒரு பணியாளர் கையில் எத்தனை வீடு என்பதும் இதனால்தான் முக்கியம். எண்ணிக்கை கூடும்போது வருகை முதலில் கொட்டிலை விடும், பிறகு அடுப்பை விடும், கடைசியில் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் மிஞ்சும்.

கணக்கு சொல்வது

24 மாத முடிவில் 95 சதவீதம் பேர் தேறினார்கள் என்று பிராக் சொல்லும். ஆண்டு முழுக்க உணவுத் தட்டுப்பாடு இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட வருமான வழி, கழிப்பறை, நல்ல கூரை, பிள்ளை பள்ளியில், குழந்தைத் திருமணம் இல்லை என்பவை தேர்ச்சியின் அடையாளங்கள். ஆனால் அன்று உதவி நின்று சில நாள்தான் ஆகியிருக்கும். நாலு ஆண்டு கழித்துக் கொட்டிலில் என்ன நிற்கிறது என்பதே சரியான கேள்வி.

அதற்கு விடை உண்டு. திட்டம் முதலில் எங்கே வரும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து 1,309 ஊர்களில் நடந்த ஆய்வில், நாலு ஆண்டுக்குப் பிறகு பெண்களின் வருமானம் 21 சதவீதம் ஏறியிருந்தது. வயல்கூலியிலும் வீட்டுவேலையிலும் கழிந்த நேரம் குறைந்து, கால்நடைக்குப் போன நேரம் கூடியிருந்தது. அதே குடும்பங்களை 11 ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கையில் ஏற்கெனவே கொஞ்சம் உடைமை இருந்து, மாடும் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டியவர்கள் மேலே மேலே போனார்கள். மாடு வந்தும் அந்த அளவைத் தொடாதவர்கள் மெல்லச் சரிந்தார்கள். கொட்டில், வண்டி, தீவனத்துக்கான கைப்பணம் எதுவும் இல்லாத இடத்தில் மாடு தனியாக நின்று என்ன செய்யும்? அரை மாட்டுக் காசை இருமடங்கு பேருக்குப் பங்கிட்டால் இரு மடங்கு பலன் வரும் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. பலரும் அளவுக்குக் கீழே நின்று திரும்பி விழுவார்கள்.

சோறும் வருகையும் இல்லாமல் விலங்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கானாவில் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆடு மட்டும், ஒரு பிரிவுக்குச் சேமிப்புக் கணக்கு மட்டும், ஒரு பிரிவுக்கு முழுத் தொகுப்பு. தனித்தனியாகக் கொடுத்த எதுவும் முழுத் தொகுப்பின் பலனுக்குப் பக்கத்தில் வரவில்லை.

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் இதே முறை நடந்தது. பலன் ஏழு ஆண்டுவரை வளர்ந்து, பத்தாம் ஆண்டிலும் நின்றது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் 10,495 பேரை வைத்து நடந்த ஒப்பீடு 2015-ல் வெளியானது. ஹோண்டுராஸில் மட்டும் திட்டம் செலவைக்கூட மீட்கவில்லை. அங்கே பெரும்பாலோர் கோழி எடுத்தார்கள். கோழிகள் நோயில் செத்தன. அன்று ஆந்திரத்தில் இருந்த (இன்று தெலங்கானா) மேடக் மாவட்டத்தில் வேறு விதம். அந்த ஆண்டுகளில் கூலி வேலை பெருகியிருந்தது. மாட்டைப் பார்த்துக்கொண்ட நேரம் கூலியிலிருந்து போனது. ஒரு பக்கம் ஏறியது இன்னொரு பக்கம் இறங்கி, மொத்தத்தில் குடும்ப வருமானம் ஏறவில்லை. வேலை கிடைக்காத மொங்கா ஊருக்குப் பொருந்திய கணக்கு, வேலை கிடைக்கும் ஊருக்குப் பொருந்தாது.

நம் பக்கமும் ஒரு பார்வை. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா ஆடுகளும் கறவை மாடுகளும் வழங்கும் திட்டம் தொடங்கியது. 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடு என்பது இலக்கு. அதே ஆண்டு ஜூனில் ரேஷனில் 20 கிலோ அரிசி இலவசமாகியிருந்தது. ரங்பூரில் உதவிப்பணம் செய்த வேலையின் பெரும்பகுதியை இங்கே அந்த அரிசி செய்தது. இங்கே இல்லாமல் போனது வாராவாரம் கொட்டிலைப் பார்க்கும் அக்கா.

பீகாரில் 2018-ல் தொடங்கிய திட்டம் இந்தக் குறையை உணர்ந்தே அமைந்தது. 2016 மதுவிலக்கால் பிழைப்பு போன கள், சாராயக் குடும்பங்களும் மற்ற பரம ஏழைகளும் அதில் சேர்ந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் வீதம் 7 மாதம் கைச்செலவுக்கு, கூடவே உடைமை, கூடவே வீடு தேடி வரும் ஒருவர். கொள்முதலைப் பெண்களின் கிராமச் சங்கமே செய்யும். பெட்டிக்கடை எடுத்தவர்களுக்கு அங்கே எமன் 'கணக்கில் எழுதிக்கோ' என்ற வார்த்தைதான். உறவுக்காரர்களிடம் கடன் சொல்லி விற்ற சரக்கு மூன்று மாதத்தில் முதலைத் தின்றுவிடும். தினமும் இரவு சரக்கையும் பணத்தையும் கூட்டி எழுதும் பழக்கம் முதல் வாரத்திலேயே வர வேண்டும்.

யார் கையில்

ரங்பூர் திட்டத்தில் மனத்தை உறுத்தும் ஒரு முடிவும் உண்டு. திட்டம் கொடுத்த மாடு பெரும்பாலும் பெண்ணின் கையிலேயே தங்கியது. ஆனால் அந்த வருமானத்தில் குடும்பம் புதிதாகச் சேர்த்த உடைமைகள் ஆணின் உடைமையாகவே போயின. மாடு வீட்டில் இருப்பதால் அவள் வெளியே போவதும் குறைந்தது. அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதை விட்டது அவளுக்கு மானம். பல பெண்களுக்கு அதுவே பெரிய விடுதலை. ஆனாலும் பால் காசு எங்கே போகிறது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பால் விற்ற பணம் அவள் பெயர்ச் சேமிப்பில் ஏறுகிறதா, கன்று விற்ற பணத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்தால் தாளில் அவள் பெயர் வருகிறதா என்பதைத் தேர்ச்சி அடையாளங்களில் சேர்த்திருக்க வேண்டும்.

ஆற்றுத் தீவுகளான சர் நிலங்களில் இன்னொரு பாடம். 2004 முதல் 2016 வரை பிரம்மபுத்திரா சர்களில் நடந்த வேறொரு வாழ்வாதாரத் திட்டம் வீட்டு மேட்டையும் உயர்த்தியது. அதுவரை கண்ட மிக உயர்ந்த வெள்ளத்துக்கு மேல் இரண்டு அடி. மாட்டுக்கும் அந்த மேட்டில் இடம் இருந்தது. தாழ்ந்த முற்றத்தில் கட்டிய மாடு முதல் வெள்ளத்திலேயே பாதி விலைக்கு விற்கும் மாடு.

இனி, விலக்குப் பட்டியலின் கடைசி வரி. உழைக்கத் தெம்புள்ள பெண் இல்லாத வீடு. எழுபது வயதுக் கைம்பெண், கூடவே பார்வையில்லாத மகன். அட்டை அடுக்கலில் ஊரார் ஒரே குரலில் கடைசியில் வைத்த அட்டை அவளுடையது. திட்டம் அவளை எடுக்காது. அது சரியான முடிவு என்றுகூடச் சொல்லலாம், மாடு அவளுக்குச் சுமை. ஆனால் அவள் வீட்டுக்கு யாரும் திரும்பிப் போகாமல் விடுவது சரியல்ல. வங்கதேசத்தில் முதியோர் உதவித்தொகை 1990-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. பெயர்களைச் சேர்ப்பது ஒன்றியப் பரிஷத் என்ற உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. இந்தப் பட்டியலில் அவள் பெயரை அடிக்கும் அதே நாளில், அதே பணியாளர், அந்த அட்டையோடு பரிஷத் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பட்டியலில் எழுதிவிட்டு வர வேண்டும். முதல் தொகை அவள் கைக்கு வரும்வரை அவள் அடுப்பும் வாராந்திர வருகையில் ஒரு நிறுத்தமாக இருக்கட்டும்.